ஒன்பது நாளும் மைனஸ் இருபது

நூற்றுப் பன்னிரண்டு பாட்டில் தாய்ப்பாலைத் தொட்டியில் கொட்டச் சொன்னார்கள். அதைக் காத்தவளே கொட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். "உன் அலட்சியம்தானே, நீயே கழுவிவிடு" என்றார் கண்காணிப்பாளர். அவள் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கவிழ்த்தாள். மூடியைத் திருகும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்த சத்தம் பக்கத்தில் நின்ற நர்சுக்குக் கேட்டதாம்.

அந்த மருத்துவமனையில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர். பிரசவ வார்டுக்குப் பின்புறம், துணி துவைக்கும் அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் ஒரு நீள அறை. அதில் எட்டு ஃப்ரீசர்கள். பெற்ற பிள்ளைக்குப் போக மிஞ்சிய பாலைத் தாய்மார்கள் கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்குகிற குறைமாதப் பிள்ளைகளுக்கு அந்தப் பால் போகும். ஒரு வேளைக்கு ரெண்டு ஸ்பூன் குடித்தால் பெரிய காரியம், பாவம். அந்த ரெண்டு ஸ்பூனுக்காகத்தான் இத்தனை குளிரும். பதினாலு வருஷமாக ஐஸ் அக்கா அந்தக் குளிரில் நின்றாள்.

ஃப்ரீசர்களுக்கு நம்பர் உண்டு. யாரும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வார்டுப் பெண்கள் அதுகளுக்கு உறவுமுறை வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் பெரியது பெரியம்மா. அதற்குப் பக்கத்தில் சித்தி. பிறகு அத்தை, மாமி, நாத்தனார், ஓர்ப்படி, கொழுந்தி, சம்பந்தி. நாத்தனாரின் கதவு ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கெஞ்சினாலும் திறக்காது. சம்பந்தி ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கும். குணத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். கணினியிலும் அதே பெயர்களைத்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

எழுதி வைத்தவள் ஐஸ் அக்காவின் கூடப்பிறந்த தங்கை. வீட்டில் அவள் சின்னவள். ப்ரோக்ராம் எழுதுகிற கம்பெனியில் வேலை. "என் தங்கச்சி செஞ்சு குடுப்பா சார், சோறு தண்ணி இல்லாம உக்காந்து செய்வா" என்று கண்காணிப்பாளரிடம் சொல்லி அந்த வேலையை அவள் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்ததே அக்காதான்.

ப்ரோக்ராம் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், கண்ணுகளா. நம் வீட்டு அலமாரியில் டப்பா அடுக்குவதைப் போலத்தான். ஒவ்வொரு ஃப்ரீசருக்குள்ளும் குளிரைப் பார்க்கிற ஒரு சென்சார் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அது தன் பெயரையும் குளிரின் அளவையும் ஒரு ஃபைலில் எழுதும்: சித்தி, மைனஸ் இருபது. ப்ரோக்ராம் அந்த ஃபைலை எடுத்துப் படித்து, சித்தி என்று சீட்டு ஒட்டிய டப்பாவில் அந்த அளவைப் போட்டு வைக்கும். வேரியபிள் என்று அவர்கள் சொல்வது அந்த டப்பாவைத்தான். பிறகு எட்டு டப்பாவையும் திறந்து பார்த்து, எட்டு வரியாகத் தாளில் அச்சடித்துத் தரும். ஐஸ் அக்கா அதில் கையெழுத்துப் போடுவாள்.

முதலில் எட்டு டப்பாவுக்கும் சின்னவளே கையால் சீட்டு ஒட்டியிருந்தாள். புதிதாக ஒரு ஃப்ரீசர் வந்தால் போன். பழையதைத் தூக்கிப் போட்டால் போன். அலுத்துப்போய் ஒருநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினாள். ஃபைலில் என்ன பெயர் வந்தாலும், அந்தப் பெயரில் அந்த நிமிஷமே ஒரு டப்பா தானாக முளைக்கும். அளவு அதில் போய் விழும். அவளுடைய குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். எதையும் ஒரே வரியில் முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர் அவர். அலுவலகத்தில் அவருக்கு ஒரேவரி என்றே பெயர்.

"பேரைச் சொன்னா பிள்ளை பொறக்குது! இதுக்குப் பேருதான் மூளை" என்றார் ஒரேவரி. சின்னவள் அன்றைக்கு அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாள்.

பேரைச் சொன்னால் பிறக்கிற பிள்ளை, பேரைச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

விஷயம் வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. நர்ஸ் ஒருத்தி சித்தியைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். உள்ளே பால் தளும்பியது. எல்லாமே கரைந்து போயிருந்தது. கண்காணிப்பாளர் அன்றைய தாளைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"காலை ஆறு மணிக்குச் சித்தி மைனஸ் இருபது. இதோ உன் கையெழுத்து. பத்து மணிக்குத் தண்ணி. நடுவுல கதவைத் தெறந்து போட்டது யாரு? பேயா?"

"நாலு மணி நேரத்துல நூத்துப் பன்னெண்டு பாட்டிலும் கரையுமா சார்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"கதவு தெறந்து கெடந்தா கரையும்."

"நான் தெறந்து போடல. மூணு நாளா பாட்டில் மெத்துனு இருக்குனு உங்ககிட்ட வந்து சொன்னேனா இல்லியா? தாளைக் காட்டி, படிக்கத் தெரியுமான்னு கேட்டீங்களே!"

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை" என்றார் அவர். மறுநாளே தற்காலிக வேலைநீக்கக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் இனி எந்த மருத்துவமனையிலும் பால் அறைப் பக்கம் அவள் போக முடியாது.

கடிதத்தைப் படித்த சின்னவள் குதித்தாள். "அவனுங்க நாக்கை இழுத்து வெச்சுத் தைக்கிறேன் பாரு! என் ப்ரோக்ராம்ல ஒவ்வொரு நாள் கணக்கும் இருக்கு. எப்ப கரைய ஆரம்பிச்சுதுனு எடுத்துக் காட்டுறேன். நீ கதவைத் தெறக்கலேனு அதுவே சாட்சி சொல்லும்."

"உன் தாள்தாண்டி என்னை மாட்டிவிட்டிருக்கு" என்றாள் அக்கா.

"தாள் பொய் சொல்லாதுக்கா. நடுவுல என்னமோ நடந்திருக்கு."

வியாழக்கிழமை காலை அவள் மருத்துவமனைக்குப் போனாள். அந்தக் கணினி நடைக்கூடத்தில், தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு மேசையில் இருந்தது. மாதக்கணக்கில் யாரும் அதை அணைத்ததில்லை. சித்திக்குச் சீல் வைக்க வந்தவர்கள் மின்சாரத்தைப் பிடுங்கியபோது அதையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தார்கள். சின்னவள் மறுபடி போட்டாள். ப்ரோக்ராம் ஓடவில்லை. ஒரு வரி சிவப்பாக வந்து நின்றது: சித்தி என்ற பெயரில் எதுவும் இல்லை.

"பாத்தியா, அந்தம்மா போனதும் இதுவும் கெட்டுப்போச்சு" என்று போகிற போக்கில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

எதுவும் இல்லை என்றால்? இத்தனை நாள் இருந்ததே! சின்னவள் செவ்வாய்க்கிழமைக் காலை ஃபைலைத் திறந்தாள். பெரியம்மா, அத்தை, மாமி, நாத்தனார், ஓர்ப்படி, கொழுந்தி, சம்பந்தி. ஏழு. எட்டாவதாக, கடைசியில், புதுச்சித்தி. அளவு: ப்ளஸ் இரண்டு.

அவள் வயர்மேனைத் தேடிக்கொண்டு ஓடினாள். துணி துவைக்கும் அறையில் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர்.

"அண்ணே, சித்தி சென்சாரை மாத்துனீங்களா?"

"ஆமா, பத்து நாள் இருக்கும். பழசு பேட்டரி செத்துப்போச்சு. புதுசு போட்டேன்."

"பேரு?"

"பேரு கேட்டுது. பழசு சித்தினு இருந்துது. இது புதுசு இல்லையா? நாளைக்கு யாராச்சும் பாத்தா புதுசுனு தெரியணுமேன்னு புதுச்சித்தினு போட்டேன். ஏம்மா, தப்பா?"

அவள் நடைக்கூடத்துக்குத் திரும்பி வந்து பத்து நாள் ஃபைல்களையும் வரிசையாகத் திறந்தாள். புதுச்சித்தி முதல்நாள் மைனஸ் இருபது. பிறகு மைனஸ் பதினெட்டு, பதினைந்து, பதினொன்று, ஆறு, மூன்று, ஒன்று, பூஜ்யம், கடைசியில் செவ்வாயன்று ப்ளஸ் இரண்டு. ஃப்ரீசரின் மோட்டார் மெல்ல மெல்ல உயிரை விட்டிருக்கிறது. சென்சார் ஒவ்வொரு காலையும் உள்ளதை உள்ளபடி கத்தியிருக்கிறது. ப்ரோக்ராம் அந்தப் பெயரைப் பார்த்ததும் புதிதாக ஒரு டப்பாவை முளைக்க வைத்து, கத்தியதையெல்லாம் அதில் போட்டு மூடியது. தாளை அச்சடிக்கும் வரியில் மட்டும் பழைய எட்டுப் பெயர்களே இருந்தன; அதற்கு அந்த டப்பாவைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பழைய சித்தி. பழைய சித்தியின் டப்பாவில் சென்சார் சாவதற்கு முன் போட்ட மைனஸ் இருபது அப்படியே கிடந்தது. கணினியை அணைத்து அந்த டப்பா அழியும்வரை அதை எடுத்து எடுத்துத் தாளில் போட்டது. ஒன்பது நாள்.

கதவையும் யாரும் திறந்து போடவில்லை, பேயும் வரவில்லை. அவள் எழுதிய ஒரு வரி.

ஒரேவரிக்குப் போன் போட்டாள். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் நிதானமாகப் பேசினார். "இதுல நம்ம தப்பு எங்கம்மா இருக்கு? பேரை மாத்தினது வயர்மேன். அந்த ஆளு மேல போடு. ப்ரோக்ராம் சொன்ன பேரைச் சொன்னபடி எடுத்துக்கிச்சு."

"அது சொல்லாத பேருக்கும் அளவு போட்டிருக்கு சார். அதானே தப்பு!"

"ஏன் சத்தம் போடுற? நாளைக்கு நீ எதுவும் பேசவேண்டாம். சென்சார் கோளாறுனு ஒரு கடிதம் நான் அனுப்புறேன். ஒரே வரி. முடிஞ்சுது."

"உங்க ஒரு வரியும் வேணாம், நீங்களும் வேணாம்" என்று போனை வைத்தாள். அவர் கைதட்டியது அவள் காதில் இன்னும் கேட்டது. அவருக்கு முன்னால் தன்னை மெச்சிக்கொண்டு நின்ற தன் முகத்தை அறையவேண்டும் போல இருந்தது.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் நின்றபடியே சொன்னாள். டப்பா, சீட்டு, புதுச்சித்தி, ஒன்பது நாள், ஒரு வரி. அக்கா மடித்த துணியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அப்போ அந்தத் தாள் பொய்."

"ஆமா."

"நீ எழுதினது."

"ஆமாக்கா. ஆனா ஒன்பது நாளும் ஒரே அளவு! மத்ததெல்லாம் கொஞ்சம் ஏறுது, கொஞ்சம் எறங்குது. இது மட்டும் அசையாம நிக்குது. உனக்குச் சந்தேகமே வரலியா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னவுடனே அவளுக்கே தெரிந்தது.

"வந்துச்சுடி" என்றாள் அக்கா. "ஆறாம் நாளே வந்துச்சு. பாட்டிலைத் தொட்டேன், மெத்துனு இருந்துச்சு. போய்ச் சொன்னேன். தாளைக் காட்டுனான். திரும்பி வந்து மறுபடி தொட்டேன். மறுபடி மெத்துனு இருந்துச்சு. அப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? என் கைக்கு வயசாயிடுச்சு, பதினாலு வருஷக் குளிர்ல விரல் மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். என் தங்கச்சி செஞ்சது பொய் சொல்லாதுன்னு என் கையை நானே நம்பல. கையெழுத்துப் போட்டேன்."

துணி தரையில் விழுந்தது.

"அந்த நூத்துப் பன்னெண்டுல பதினேழு பாட்டில் யாருதுனு தெரியுமா? பெத்த பிள்ளையை நாலாம் நாள் பறிகொடுத்தவ குடுத்தது. பால் நிக்கல. அழுதுகிட்டே பதினோரு நாள் வந்து குடுத்தா. வேற பிள்ளையாச்சும் குடிக்கட்டும்னு. அதை என் கையால தொட்டியில ஊத்தவெச்சீங்க. எல்லாரும் சேந்து. அவன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

"நாளைக்கு நான் வந்து சொல்லிடுறேன்க்கா."

"சொல்லு. சொல்லாம எங்க போவ? சொல்லிட்டா அந்தப் பதினேழு பாட்டிலும் திரும்ப உறைஞ்சுடுமா?"

அன்றைக்கு அக்கா அவளோடு அதற்குமேல் பேசவில்லை. ஒரு வீட்டுக்குள் ரெண்டு பேர் பேசாமல் இருந்தால் பாத்திரம்தான் பேசும். பாத்திரம் நன்றாகவே பேசியது.

விசாரணை ஒரு சின்ன அறையில். நீள மேசை, பிளாஸ்டிக் பூ, சத்தம் போடும் மின்விசிறி. நடுவில் தலைமை மருத்துவர் அம்மா, அவருக்குப் பக்கத்தில் கண்காணிப்பாளர், எதிரே ஐஸ் அக்கா. சுவரோரம் வயர்மேன், தொப்பியைக் கையில் சுருட்டியபடி. ஒரேவரியின் கடிதம் முன்னதாகவே வந்து மேசைமேல் இருந்தது.

"சென்சார் கோளாறுன்னு கம்பெனி எழுதியிருக்கு" என்றார் கண்காணிப்பாளர். "அப்போ வயர்மேனும், இந்தம்மாவும்..."

"சென்சார்ல ஒரு கோளாறும் இல்லை" என்று சின்னவள் எழுந்தாள். "அந்த ப்ரோக்ராமை எழுதினவ நான். தப்பு என்னுது." மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்து, பிரிண்டரோடு இணைத்தாள். "ஒரு நிமிஷம் எல்லாரும் பாருங்க. சென்சார் மாத்துறதுக்கு முந்தின நாள் ஃபைலை வெச்சு இந்தத் தாளை இப்ப அச்சடிக்கிறேன். சித்தி மைனஸ் இருபது. சரியா? இப்ப ஃபைல்ல இருந்து சித்தியை அழிக்கிறேன். அப்படி ஒரு ஃப்ரீசரே இல்லை. மறுபடி அச்சடிக்கிறேன்."

தாள் வந்தது. சித்தி: மைனஸ் இருபது.

"பெரியம்மாவையும் அழிக்கிறேன். எல்லாத்தையும் அழிக்கிறேன். ஃபைல் காலி." மறுபடி தாள் வந்தது. எட்டு வரி. எட்டும் நல்ல குளிர். "கட்டடமே எரிஞ்சு போயிருந்தாலும் இது இப்படித்தான் அச்சடிச்சிருக்கும். இதை நம்பித்தான் எங்கக்காவை வேலையை விட்டு எடுத்தீங்க."

வயர்மேன் தொப்பியை ஒருமுறை பிரித்து மறுபடி சுருட்டினார்.

தலைமை மருத்துவர் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "பாட்டில் மெத்துனு இருக்குன்னு இவங்க உங்ககிட்ட வந்து சொன்னாங்களா?"

"ஞாபகம்..."

"சொன்னாங்க மேடம்" என்றார் வயர்மேன். "அன்னைக்கு அந்த ரூம்ல நான்தான் பல்பு மாத்திக்கிட்டு இருந்தேன். ஏணி மேல நின்னேன். சார் என்னைப் பாக்கல."

கண்காணிப்பாளர் முகம் சுண்டிப்போனது. தலைமை மருத்துவர் வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார் ஐஸ் அக்காவிடம்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "வர்றேன். ஆனா ஒண்ணு. அந்த ப்ரோக்ராமைச் சரிபண்ணி, நான் பாத்து, என் திருப்திக்கு வந்தாதான் தாள்ல கையெழுத்து. அதுவரைக்கும் இல்லை. யார் சொன்னாலும் இல்லை." பிறகு கண்காணிப்பாளரைப் பார்த்தாள். "படிக்கத் தெரியுமான்னு கேட்டீங்களே சார். எனக்குப் படிக்கத் தெரியும். உங்களுக்குத் தொட்டுப் பாக்கத் தெரியாது."

ஒரேவரி அன்று மாலையே சின்னவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டதாக எழுதினார். திங்கட்கிழமைக்குள் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று பதில் எழுதிவிட்டு அவள் உட்கார்ந்தாள். அந்த ஒரு வரியை அழித்தாள். நினைத்த பெயரில் நினைத்த இடத்தில் முளைக்கிற டப்பாக்களே இனி வேண்டாம். எட்டு அறை உள்ள ஒரே பெட்டி. காலையில் ஃபைலைத் தொடுவதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்ய வேண்டும். வரவேண்டிய பெயர் வராவிட்டால் சிவப்பு. தெரியாத பெயர் வந்தால் அதுவும் சிவப்பு. நாற்பத்தொரு வரி ஆனது. யாரும் கைதட்டவில்லை.

திங்கட்கிழமை காலை ஐஸ் அக்கா பால் அறைக்கு வந்தாள். சித்தியின் சீலை எடுத்து, மோட்டாரை மாற்றி, சென்சாருக்குப் பழைய பெயரையே போட்டு வைத்திருந்தார் வயர்மேன். தங்கையைப் பார்த்து வா என்றுகூடச் சொல்லவில்லை. நேரே போய்ப் பெரியம்மாவின் சென்சார் வயரைப் பிடுங்கினாள்.

"அச்சடி."

சின்னவள் சென்சார்களை ஃபைலில் மறுபடி எழுதவைத்து அச்சடித்தாள். பெரியம்மா: இன்று தகவல் வரவில்லை. சிவப்பு.

அத்தையின் வயரைப் பிடுங்கினாள். மாமி. நாத்தனார். "அச்சடி. அச்சடி." எட்டையும் பிடுங்கினாள். எட்டும் சிவப்பு. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு வயர்மேனைக் கூப்பிட்டு, "சம்பந்திக்குப் புதுச்சம்பந்தினு போடுங்க" என்றாள். அவர் பயந்துகொண்டே போட்டார். புதுச்சம்பந்தி: இந்தப் பெயர் யாரென்று தெரியாது. அதற்குக் கீழே, சம்பந்தி: இன்று தகவல் வரவில்லை.

"சம்பந்தி சண்டை வந்தாலும் இப்ப காட்டிக்குடுத்துடும்" என்று வயர்மேன் சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்காததைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டு, பழைய பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

"இப்பப் போடுவியாக்கா?" என்றாள் சின்னவள்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. ஒவ்வொரு ஃப்ரீசராகத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் அடித்தட்டு வரை கையை விட்டு, பாட்டிலை அழுத்திப் பார்த்து, மூடினாள். நாத்தனார் ஒட்டிக்கொண்டது; காலை முட்டுக்கொடுத்து இழுத்துத் திறந்தாள். எட்டும் முடிந்து திரும்பியபோது விரல்கள் சிவந்திருந்தன. தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"மெஷின் சொன்னது இந்தப் பக்கம் இருக்கு. என் கை சொன்னதை எழுத இடம் எங்கடி?"

சின்னவள் தாளைப் பார்த்தாள். இடம் இல்லை.

"இனி ஒருத்தரும் என்கிட்ட உன் தாளை நீட்டி, என் கை பொய்யினு சொல்லக் கூடாது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். ஒத்துப்போகலேன்னா ஃப்ரீசரைத் தெறந்து பாக்கட்டும்."

"போடுறேன்க்கா. கொஞ்ச நேரம் ஆகும்."

"ஆகட்டும்" என்றாள் ஐஸ் அக்கா. மரத்துப்போன விரல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தங்கையின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "எழுது. நான் நிக்கிறேன்."

சின்னவள் நாற்பத்திரண்டாவது வரியை எழுத ஆரம்பித்தாள்.